சூப்பர் பாஸ்பேட்: ஒரு நிலத்தில் பலித்த எலும்பு மறு நிலத்தில் ஏன் பலிக்கவில்லை?

பயிருக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றும் தேவை என்பதை உழவர் பெருமக்கள் நன்கு அறிவர். இவற்றுள் தழைச்சத்தின் பலன் ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். யூரியா இட்ட வயல் கருகருவென்று நிறம் மாறும். மணிச்சத்து அப்படிப்பட்டதன்று. அது வேரிலும் மணியிலும் மறைந்து நின்று வேலை செய்வது. ஆகவேதான் மணிச்சத்து உரம் வாங்கும்போது ஏமாறுவதும், வாங்கிய உரத்தை வீணாக்குவதும் அதிகமாக நிகழ்கின்றன. நீலகிரியில் தேயிலைக்குப் பாறை பாஸ்பேட் நல்ல பலன் தருகிறது என்று கேள்விப்பட்டு, சுக்கான் கல் நிறைந்த கோவைப் பகுதி நிலத்தில் அதையே வாங்கி இட்டால் பலன் காண்பது அரிது. உரமும் போலியன்று, இட்டவர் மீதும் குறையில்லை. அப்படியானால் காரணம் என்ன?

இதே கேள்வி இங்கிலாந்தில் சுமார் 185 ஆண்டுகளுக்கு முன் எழுந்தது. அதற்கு விடை தேடியபோதுதான் சூப்பர் பாஸ்பேட் பிறந்தது. அந்த வரலாற்றைத் தெரிந்து கொண்டால், உரக்கடையில் எந்த மூட்டையைக் கேட்பது என்பதும் தெளிவாகும்.

எலும்புத்தூள் செய்த குழப்பம்

இலண்டன் நகருக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்னும் ஊரில் ராதம்ஸ்டெட் என்ற பண்ணை உள்ளது. 1834ஆம் ஆண்டு அதன் பொறுப்பை ஏற்றபோது ஜான் பென்னட் லாஸ் என்பவருக்கு வயது இருபது. ஆக்ஸ்போர்டில் படித்தும் பட்டம் பெறாமலே ஊர் திரும்பியவர். ஆனால் இரசாயனத்தில் தணியாத ஆர்வம் உடையவர்.

அக்காலத்தில் இங்கிலாந்து விவசாயிகள் மாட்டெலும்பை ஆலையில் நொறுக்கி வயலுக்கு இட்டு வந்தனர். டர்னிப் என்னும் கிழங்குப் பயிருக்கு அது உகந்த உரம் எனப் பெயர் பெற்றிருந்தது. உள்நாட்டு எலும்பு போதாமல் வெளிநாடுகளிலிருந்து கப்பலில் தருவித்தார்கள். ஆனால் லாஸின் பக்கத்துப் பண்ணையாரான பிரபு ஒருவர் ஒரு புதிரைச் சொன்னார். ஒரு பண்ணையில் எலும்புத்தூள் இட்டால் டர்னிப் செழிக்கிறது, இன்னொரு பண்ணையில் அதே தூள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது, இது ஏன் என்பதே அவர் கேள்வி. ராதம்ஸ்டெட் நிலமும் எலும்பு பலிக்காத நிலமாகவே இருந்தது.

இதற்குக் காரணத்தை இன்று எளிதில் சொல்லிவிடலாம். எலும்பிலும் பாறை பாஸ்பேட்டிலும் உள்ள மணிச்சத்து, சுண்ணாம்புச் சத்துடன் இறுகப் பிணைந்துள்ளது. அது தண்ணீரில் கரையாது. புளிப்புத் தன்மை உள்ள மண்ணில், அதாவது அமில நிலத்தில், மண்ணின் புளிப்பே அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் பயிருக்குக் கொடுக்கும். ராதம்ஸ்டெட் நிலத்திலோ தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பு மண்ணை வெட்டிப் போட்டுப் புளிப்பைப் போக்கியிருந்தார்கள். எலும்பைக் கரைக்க அங்கே ஒன்றுமில்லை.

மண்ணில் புளிப்பு இல்லையென்றால் அந்தப் புளிப்பை வெளியிலேயே கொடுத்துவிட்டால் என்ன? லாஸ் எலும்புத்தூள் மீது கந்தக அமிலத்தை ஊற்றினார். கிடைத்த பொருளை முதலில் தொட்டிச் செடிகளுக்கும் பின்னர் வயலுக்கும் இட்டுப் பார்த்தார். பலன் கண்கூடாகத் தெரிந்தது. எலும்பு மட்டுமின்றி, பூமியில் வெட்டி எடுக்கும் பாஸ்பேட் கனிமங்களையும் இவ்வாறே மாற்றலாம் எனக் கண்டார்.

அமிலம் என்ன செய்கிறது?

மூன்று கயிறுகளால் கட்டப்பட்ட மாட்டை நினைத்துக் கொள்ளலாம். எலும்பிலும் பாறையிலும் மணிச்சத்தை மூன்று சுண்ணாம்புக் கயிறுகள் கட்டிப் போட்டிருக்கின்றன. கந்தக அமிலம் அவற்றில் இரண்டை அவிழ்த்துத் தன்னோடு சேர்த்துக் கொள்கிறது. அவ்வாறு அமிலத்தோடு சேர்ந்த சுண்ணாம்பே ஜிப்சம். மீதமுள்ள ஒரே கயிற்றோடு நிற்கும் மணிச்சத்து தண்ணீரில் கரையக் கூடியது. வேர் அதை உடனே உறிஞ்சிக் கொள்ளும்.

ஆகவே சூப்பர் பாஸ்பேட் என்பது தனிப்பொருள் அன்று. கரையும் மணிச்சத்தும் ஜிப்சமும் கலந்த கலவை. நம் நாட்டில் விற்கும் சாதாரண சூப்பரில் மணிச்சத்து 16 சதம், கந்தகச் சத்து சுமார் 11 சதம், சுண்ணாம்புச் சத்து சுமார் 20 சதம் உள்ளன. மூட்டையின் மேல் 16 சதம் என்று மட்டுமே பெரிய எழுத்தில் இருப்பதால் மற்ற இரண்டையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. நிலக்கடலை பயிரிடுவோர் இதை மறக்கலாகாது.

காப்புரிமை என்பது என்ன?

1842ஆம் ஆண்டு மே மாதம் லாஸ் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதன் செய்முறையை மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக, குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு அவரன்றி வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்று அரசு உரிமை வழங்கும். இதுவே காப்புரிமை. அக்கால இங்கிலாந்தில் அதன் காலம் 14 ஆண்டுகள். இன்று நம் நாட்டில் 20 ஆண்டுகள். அதற்குப் பிறகு அம்முறை ஊருக்குப் பொது. ஓர் உர ஆலையின் செய்முறைக்கு நம் நாட்டில் காப்புரிமை பெறலாம். ஆனால் நடவு செய்யும் முறை, உரமிடும் முறை போன்ற விவசாய முறைகளுக்கு நம் காப்புரிமைச் சட்டத்தில் இடமில்லை. எந்த உழவரும் அடுத்த வயலைப் பார்த்துச் செய்வதற்கு யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை.

லாஸின் உரிமை சிக்கலின்றி நிலைக்கவில்லை. அதே 1842இல் அயர்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மர்ரே என்ற மருத்துவரும் இதே போன்ற முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். லாஸ் பின்னாளில் மர்ரேயின் உரிமையை விலைக்கு வாங்கிக் கொண்டார். மேலும், எலும்பில் கந்தக அமிலம் சேர்க்கலாம் என்ற கருத்தை ஜெர்மனி நாட்டு இரசாயன மேதை லீபிக் 1840இலேயே நூலில் எழுதியிருந்தார். முன்பே வெளிவந்த செய்திக்கு உரிமை கோர முடியாது. எனவே லாஸ் எலும்பை விட்டுக் கொடுத்து, கனிம பாஸ்பேட்டுக்கு மட்டும் உரிமையை வைத்துக் கொண்டார். அன்று எலும்புதான் பெரிது, கனிமம் சிறிது. ஆனால் எலும்புக்கு ஒரு அளவு உண்டு, பூமியில் கிடைக்கும் கனிமமோ மலை மலையாக உள்ளது. விட்டுக் கொடுத்ததைவிட வைத்துக் கொண்டதே பெரிய சொத்தாயிற்று. இன்று உலகெங்கும் சூப்பர் தயாராவது பாறையிலிருந்துதான்.

1843இல் இலண்டனில் டெப்ட்போர்டு என்னுமிடத்தில் லாஸ் ஆலை தொடங்கினார். அதே ஆண்டு கில்பர்ட் என்ற இரசாயன அறிஞரைத் துணைக்கு வைத்துக் கொண்டு ராதம்ஸ்டெட்டில் வயல் ஆராய்ச்சியையும் தொடங்கினார். அவ்வாண்டு பிராட்பால்க் என்ற வயலில் ஆரம்பித்த கோதுமை உரச் சோதனை இன்றளவும் நடைபெற்று வருகிறது. 1872இல் உரத் தொழிலை மூன்று லட்சம் பவுனுக்கு விற்ற லாஸ், ஆராய்ச்சி நிலையம் தமக்குப் பின்னும் நடப்பதற்காக 1889இல் ஒரு லட்சம் பவுனை அறக்கட்டளையாக எழுதி வைத்தார். உரம் விற்ற பணத்தின் ஒரு பங்கு வயலுக்கே திரும்பியது என்பதால் இது குறிப்பிடத் தக்கது.

மேதையின் உரம் தோற்ற விதம்

லீபிக் அவர்களும் 1845இல் ஓர் உரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயருக்கு இருந்த மதிப்பால் அதைப் பெரிதும் எதிர்பார்த்தார்கள். ஆனால் அது வயலில் தோற்றது. இதற்கான காரணம் நம் உழவர்களுக்கும் பயன்படக் கூடியது.

கரையும் உரத்தை இட்டால் மழை அதை அடித்துச் சென்றுவிடும் என்று லீபிக் அஞ்சினார். எனவே சத்துக்களை நெருப்பில் உருக்கி, எளிதில் கரையாதபடி செய்து விற்கச் சொன்னார். விவசாயிகள் பணம் கொடுத்து வாங்கி இட்டார்கள். அது வயலில் கிடந்தது, பயிருக்குக் கிடைக்கவில்லை. அதோடு, பயிருக்கு வேண்டிய தழைச்சத்து காற்றிலிருந்தே கிடைத்துவிடும் என்று எண்ணி அதைச் சேர்க்கவுமில்லை. மண்ணுக்கே சத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றல் உண்டு என்பது சில ஆண்டுகளுக்குப் பிறகே சோதனையால் தெரிய வந்தது. மணிச்சத்து மழையோடு எளிதில் ஓடிவிடுவதில்லை. நேர்மாறாக, இட்ட இடத்தை விட்டு நகரவே மறுக்கும் சத்து அது. தம் தவறை லீபிக் பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு எழுதினார். பெரிய மேதைகளுள் இப்படி ஒப்புக்கொண்டவர் சிலரே.

இராணிப்பேட்டையும் கோவையும்

இந்தியாவில் சூப்பர் பாஸ்பேட் முதன்முதலில் தயாரானது நம் இராணிப்பேட்டையில்தான். 1906இல் பாரி நிறுவனம் அங்கே ஆலை நிறுவியது. மூன்றாண்டுகள் கழித்து, 1909இல், ராதம்ஸ்டெட் முறையைப் பின்பற்றிக் கோவையில் நிரந்தர உரச் சோதனை வயல் தொடங்கப்பட்டது. ஒரே நிலத்தில், ஒரே வகை உரத்தை ஆண்டுதோறும் இட்டு வரும் இச்சோதனை நூறாண்டைக் கடந்துவிட்டது.

ஆலையில் நடப்பது லாஸ் செய்ததேதான். பாறையை மாவாக அரைத்து, கந்தக அமிலம் சேர்த்துக் கலக்கி, கெட்டிப்பட்டதும் வெட்டியெடுத்து, அம்பாரமாகக் குவித்துச் சில வாரங்கள் ஆற விடுகிறார்கள். சரியாக ஆறாத சூப்பரில் மிச்ச அமிலம் அதிகமாக இருக்கும். பழைய நாளில் சணல் சாக்கு இற்றுப் போனது இதனால்தான்.

எந்த நிலத்துக்கு எது?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். நீலகிரி, கூடலூர் போன்ற மலைப்பகுதிகளிலும், கன்னியாகுமரி மாவட்டத்தின் இரப்பர் தோட்டப் பகுதிகளிலும் மண் புளிப்புத் தன்மை உடையது. அங்கே பாறை பாஸ்பேட் மெல்லக் கரைந்து, தேயிலை, இரப்பர் போன்ற நீண்ட காலப் பயிர்களுக்குச் சிறுகச் சிறுகக் கிடைக்கும். விலை குறைந்த அந்தத் தூளே அங்குப் போதுமானது. கோவை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசல் நிலங்களிலும், சுக்கான் கல் கலந்த நிலங்களிலும் அது கரையாது. அங்கே சூப்பர் அல்லது டி.ஏ.பி. போன்ற கரையும் உரமே ஏற்றது. தம் நிலம் எந்த வகை என்று தெரியாதவர் மண் பரிசோதனை நிலையத்துக்கு மண் மாதிரி அனுப்பிக் கார அமில நிலையைத் தெரிந்து கொள்ள வேண்டும். எண் 7க்கு மேல் இருந்தால் பாறைத்தூளை நேரடியாக இட்டுப் பணத்தை முடக்க வேண்டாம்.

அத்தகைய நிலத்தில் பாறை பாஸ்பேட் கைவசம் இருந்துவிட்டால், அதைக் கம்போஸ்ட் குழியில் அடுக்கடுக்காகத் தூவி மட்க விடலாம். மட்கும் பொருளில் உண்டாகும் அமிலங்கள் லாஸின் கந்தக அமிலம் செய்த வேலையைச் சிறிதளவு செய்யும். நெல் வயலில் தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரத்தோடு சேர்த்து மடக்கி உழுவதும் உண்டு.

அவிழ்த்த கயிறு மீண்டும் கட்டிக் கொள்ளும்

சூப்பர் இட்டுவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணலாகாது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில், அமிலம் அவிழ்த்துவிட்ட கயிறுகளை மண் மீண்டும் கட்டத் தொடங்கும். அமில நிலத்தில் இரும்பும் அலுமினியமும் அதே வேலையைச் செய்யும். இட்ட மணிச்சத்தில் முதல் பயிர் எடுத்துக் கொள்வது பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. ஆகவே உரம் மண்ணோடு அதிகம் கலக்காமலும், வேருக்கு அருகிலும் இருக்கும்படி செய்வதே கெட்டிக்காரத்தனம்.

மணிச்சத்து முழுவதையும் அடியுரமாக இட வேண்டும். பயிர் வளர்ந்த பின் மேலே தூவினால் அது மேல் மண்ணிலேயே நின்றுவிடும், வேருக்குப் போய்ச் சேராது. நெல்லுக்குக் கடைசி உழவில் தூவிச் சமப்படுத்தலாம். மானாவாரிப் பயிர்களுக்கு விதைச் சாலுக்குப் பக்கத்தில், விதையைவிடச் சற்று ஆழத்தில் விழும்படி இடுவது சிறந்தது. விதையோடு சேர்த்துப் போடக் கூடாது. மிச்ச அமிலம் முளைப்பைக் கெடுக்கும். ரைசோபியம் நேர்த்தி செய்த பயறு விதையாக இருந்தால் அந்த நுண்ணுயிரும் மடிந்துவிடும். இரண்டு விரற்கடை இடைவெளி போதும்.

மானாவாரி உழவர்களுக்கு இதைவிடச் செலவில்லாத வழி ஊட்டமேற்றிய தொழுஉரம். ஏக்கருக்கு 300 கிலோ நன்கு மட்கிய, தூளான தொழுஉரத்தை எடுத்துக் கொள்ள வேண்டும். அந்த ஏக்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட சூப்பர் முழுவதையும் அதில் கலக்க வேண்டும். பிடித்தால் உருண்டையாகி, விட்டால் உதிரும் அளவுக்கு ஈரம் காட்டி, நிழலில் குவித்து மூடி ஒரு மாதம் வைத்திருந்து, விதைக்கும்போது இட வேண்டும். தொழுஉரம் மணிச்சத்தைச் சூழ்ந்து நின்று மண் கட்டிப் போடாமல் காக்கும். சூப்பரோ, தொழுஉரத்திலிருந்து காற்றில் பறந்து போகும் அம்மோனியாவைப் பிடித்து வைக்கும். ஒன்றுக்கொன்று உதவி. கோடை உழவு முடிந்ததும் இக்கலவையைத் தயார் செய்து வைத்தால் ஆடிப்பட்டத்துக்குச் சரியாக இருக்கும்.

சூப்பருடன் சுண்ணாம்பையோ அடுப்புச் சாம்பலையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. ஆலையில் செலவு செய்து அவிழ்த்த கயிற்றைக் களத்து மேட்டிலேயே மீண்டும் கட்டுவதற்கு அது ஒப்பாகும். யூரியாவுடன் கலந்தால் உடனே இட்டுவிட வேண்டும். கலந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால் கசிந்து கூழாகிவிடக் கூடும். உரமிடும் விதைக் கருவியை அன்றைக்கே கழுவித் துடைக்காவிட்டால் இரும்பு துருவேறும்.

சூப்பர் இட்டால் நிலம் புளித்துப் போகும் என்ற அச்சம் சில இடங்களில் உண்டு. அதற்கு ஆதாரமில்லை. சூப்பரில் ஜிப்சம் இருப்பதால் களர் நிலம் திருந்திவிடும் என்று எண்ணுவதும் தவறு. களரைத் திருத்த ஜிப்சம் டன் கணக்கில் தேவைப்படும்.

மூட்டைக் கணக்கு

கடையில் சூப்பரின் பக்கத்திலேயே டி.ஏ.பி. மூட்டையும் இருக்கும். எதை வாங்குவது? 50 கிலோ சூப்பர் மூட்டையில் உள்ள மணிச்சத்து 8 கிலோ. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ, தழைச்சத்து 9 கிலோ. ஆகவே ஒரு டி.ஏ.பி. மூட்டைக்கு ஈடு, கிட்டத்தட்ட மூன்று மூட்டை சூப்பரும் 20 கிலோ யூரியாவும். அன்றைய விலையைக் கேட்டு இந்த இரண்டையும் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். சூப்பர் பக்கத்தில் சுமை கூலியைச் சேர்க்க வேண்டும். அதே சமயம், மூன்று மூட்டைச் சூப்பரோடு சுமார் 16 கிலோ கந்தகச் சத்தும் நிலத்துக்கு வந்து சேர்கிறது என்பதையும் எழுதிக் கொள்ள வேண்டும். டி.ஏ.பி.யில் அது இல்லை.

நிலக்கடலை, எள், சூரியகாந்தி போன்ற எண்ணெய்வித்துப் பயிர்களுக்கும் பயறு வகைகளுக்கும் கந்தகம் எண்ணெயையும் புரதத்தையும் கூட்டும். இவற்றுக்கு, சற்றுக் கூடுதல் செலவானாலும் சூப்பரே சிறந்தது. நெல்லுக்கு எந்த மூட்டை மலிவோ அதை வாங்கலாம். ஆண்டுதோறும் டி.ஏ.பி. மட்டுமே இட்டு வந்த நிலத்தில் ஒரு போகத்துக்காவது சூப்பருக்கு மாறுவது நல்லது. மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்தால், இரண்டையுமே குறைத்துக் கொண்டு அந்தப் பணத்தைச் சாம்பல்சத்துக்கோ தொழுஉரத்துக்கோ செலவிடலாம். இதைச் சொல்ல உரக்கடைக்காரருக்கு மனம் வராது. மண் பரிசோதனை அறிக்கை சொல்லும்.

வாங்கும்போது மூட்டையில் தயாரித்த நிறுவனத்தின் பெயர், சத்தின் அளவு, எடை ஆகியவை தெளிவாக அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்த்து, இரசீது கேட்டுப் பெற வேண்டும். ஐயம் எழுந்தால் மூட்டையைத் திறந்து கொட்டாமல் வேளாண்மை அலுவலரிடம் தெரிவித்தால், அவர் முறைப்படி மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்.

இன்னொரு செய்தி. சூப்பரைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்து, அடியில் வெள்ளையாக வண்டல் நிற்பதைக் கண்டு, கலப்படம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த வண்டல் பெரும்பாலும் ஜிப்சமே. கந்தக அமிலம் அவிழ்த்தெடுத்த அந்த இரண்டு கயிறுகள்தாம் அவை. அவ்வாறு கரைத்துப் பார்த்தவர் வண்டலைக் கீழே கொட்டிவிடாமல், நான்கு நிலக்கடலைச் செடிகளின் தூரில் ஊற்றி மண் அணைத்து விடலாம்.